நம்பர் அக்கா கையில் இருந்த சாவி

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மின்னஞ்சல் சரிசெய்பவர் அந்த அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார். கீழ்த்தளத்தில் மருத்துவமனைக் கட்டில்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கும் நெடியும் இரும்பு அறுக்கும் ஓசையும் அவருக்கு முன்பே மேலே வந்து உட்கார்ந்திருந்தன. ஐம்பதைத் தொட்ட வயது; தோளில் துணிப்பை. ஏறிய மூச்சு இறங்கும்வரை வாசலிலேயே நின்றவர், அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இந்த டொமைன் யார் பேர்ல இருக்கு?"

மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியில் வரும் நிறுவனப் பெயரைத்தான் அவர் கேட்டார். கணக்காளர், விற்பனை மேலாளர், முதலாளியின் மகன் மூவரும் சொல்லி வைத்தாற்போல் ஜன்னல் ஓர மேசையை நோக்கிக் கை நீட்டினார்கள். அங்கே நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவர் இடக்கையில் கைபேசியை ஏந்தியபடி, மேசைத் தொலைபேசியில் யாருக்கோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்: "நாலு, ஏழு, ஏழு, ரெண்டு... சீக்கிரம் அடிங்க, காலாவதி ஆயிடும்."

அவர்தான் நம்பர் அக்கா. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் கணக்காளர், வாங்கிக்கொடுத்தது விதி.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அக்கா அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள் முதலாளி வந்து, இன்டர்நெட்டில் நமக்கென்று ஒரு பெயர் வாங்க வேண்டுமாம், பார்த்து வாங்கிவிடு என்றார். உரிமையாளர் யார் என்று திரை கேட்டது. முதலாளியின் கைபேசி அந்நாளில் பேசுவதற்கு மட்டுமே பயன்பட்டது; அதில் குறுஞ்செய்தி வந்தால் அவருக்குக் கொசு கடித்தாற்போல் இருக்கும். ஆகவே அக்கா தம் பெயரையே இட்டார். தம் எண்ணையே கொடுத்தார். முதல் சுருக்கு அன்றைக்கு விழுந்தது, பூமாலை விழுவதைப்போல அத்தனை மெதுவாக. அதன் பிறகு மின்னஞ்சல், கூரியர், வரி, வங்கி என ஒவ்வொன்றும் முந்தியதைச் சாட்சியாகக் கேட்டது. ஒவ்வொன்றின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அக்காவின் கைபேசிக்கே வந்தது.

தங்கையின் திருமணத்தில் புகைப்படத்துக்கு நின்றபோது ஓர் எண் வந்தது. அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அக்கா மட்டும் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா கடைசி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை நடைவழியில் நின்று ஓர் எண்ணைப் படித்துச் சொன்னார். மறுமுனையில் விற்பனை மேலாளர், "அக்கா, தெளிவா சொல்லுங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றார். அக்கா தெளிவாகச் சொன்னார்.

எண்ணை மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கணக்காளர் ஒருமுறை அதற்கு முயன்றார். விலைப்புள்ளி அனுப்பும் மும்முரமான வாரத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சல் முழுவதும் ஒன்றரை நாள் நின்றுபோயிற்று. அன்றுமுதல் அந்த அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று பிறந்தது: ஓடுகிற எதையும் தொடாதே. அக்காவும் ஓடிக்கொண்டிருந்தார், ஆகவே அவரையும் யாரும் தொடவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் கணவருக்கு வேறு ஊரில் வேலை மாற்றலாயிற்று. மகளும் பள்ளிப் படிப்புக்காக அவருடன் போனாள். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று அக்கா வழியனுப்பினார். அந்த அடுத்த மாதம் எந்த நாள்காட்டியிலும் அச்சாகவில்லை. மூன்று முறை வேலைவிலகல் கடிதம் கொடுத்தார். முதல் முறை முதலாளி அவருக்குச் சுழல் நாற்காலி வாங்கித் தந்தார். இரண்டாம் முறை ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. மூன்றாம் முறை கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை முழுவதும் படித்து, மடித்து, இழுப்பறைக்குள் வைத்தார். "போம்மா, யாரு வேணாங்கிறா? ஆனா நம்பர் யாருக்கு வரும், அத மட்டும் சொல்லிட்டுப் போ." கொடுமைக்கார முதலாளியாக இருந்தால் சண்டை போட்டாவது வெளியேறலாம். இவரோ அக்காவின் அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். புலிவாலைப் பிடித்தவனுக்காவது எதிரே இருப்பது புலி என்று தெரியும்.

இப்படியிருக்கையில்தான் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் காணாமல் போகத் தொடங்கின. இங்கிருந்து போயின; அங்கே குப்பைப் பெட்டியில் விழுந்தன. பெரிய மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் அதிகாரி, நீங்கள் தொழிலை மூடிவிட்டதாக அல்லவா நினைத்தோம் என்று தொலைபேசியில் சொன்னபோது முதலாளிக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு பக்கம், நிறுவனம் அனுப்பாத கடிதங்கள் நிறுவனத்தின் பெயரில் ஊர் சுற்றின. வேலை நியமனக் கடிதம் என்று எவனோ அனுப்பியதை நம்பி, முன்பின் தெரியாதவர்கள் வாயிற்கதவருகே வந்து நின்றார்கள். நாம் எழுதுவதை ஒருவரும் நம்பவில்லை, எவனோ எழுதுவதை எல்லோரும் நம்புகிறார்கள் என்று சின்னவர், அதாவது முதலாளியின் மகன், தலையில் அடித்துக்கொண்டார்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "இது மட்டும் சரியாகட்டும். அன்னைக்கே நீ கிளம்பு. நம்ம கட்டில் மேல சத்தியம்."

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது; மகளுக்கு இது இறுதி வகுப்பு. அதற்குள் வந்துவிடுவதாக அக்கா அன்று மாலையே மகளிடம் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் மகள் சிரித்தாள். "அம்மா, உன் வாக்கும் உன் ஓ.டி.பி.யும் ஒண்ணு. பத்து நிமிஷத்துல காலாவதி." அக்காவும் கூடவே சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, கைபேசியை வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

துணிப்பைக்காரர் அந்தச் செவ்வாய்க்கிழமை கணினியைத் தொடுவதற்கு முன் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். லாரியில் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. எதிராளிக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பாலம் போடத் தெரிந்தவர் அவர். நம்முடைய சரக்கு போய்ச் சேரும் இடத்தில் ஒரு காவலாளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் எதைப் பார்த்து உள்ளே விடுவார் என்று அக்காவைக் கேட்டார். எந்தெந்த லாரி வரும் என்று நாம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதைப் பார்ப்பார். கயிற்று முடிச்சில் நம் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார் என்றார் அக்கா.

"அவ்வளவுதான் மேடம். முதலாவதுக்கு எஸ்.பி.எஃப்.னு பேரு. நம்ம பேர்ல யார் யார் மெயில் அனுப்பலாம்னு நாமளே வெளிப்படையா எழுதி வைக்கிறது. ரெண்டாவது டி.கிம். ஒவ்வொரு மெயில்லயும் போடுற முத்திரை, நடுவுல யாராவது திருத்தினா உடைஞ்சிடும். மூணாவதுதான் டிமார்க். இந்த ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கணும், அதுவும் வண்டி மேல எழுதியிருக்கிற பேருக்கே சரியா இருக்கணும். இல்லன்னா என்ன செய்யணும்னு காவலாளிக்கு நாம போடுற உத்தரவு."

அந்த உத்தரவில் மூன்று படிகள் உண்டு என்றார். முதற்படியில், எதையும் தடுக்காமல் வந்துபோகிறவர்களைக் கவனித்து நமக்கு அறிக்கை அனுப்பு என்று மட்டும் சொல்வது. இரண்டாவது, சந்தேகமானதை ஓரமாக நிறுத்து என்பது. கடைசிப்படி, வாசலிலேயே திருப்பி அனுப்பு என்பது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு மெதுவாகத்தான் ஏற வேண்டும்; மூன்று வாரமாவது அறிக்கைகளைப் படிக்க வேண்டும். "மெதுவா" என்ற சொல்லை அவர் அன்று எத்தனை முறை சொன்னாரோ, மாலைக்குள் கணக்காளர் அவருக்கு மெதுவா சார் என்று பெயரிட்டுவிட்டார்.

நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று விசாரித்து வைப்பது அக்காவின் பங்கு. மேசை மேசையாகப் போனார். கணக்காளரின் பில் மென்பொருள் ஒன்று. விற்பனை மேலாளர் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு விலைப்பட்டியல் அனுப்பும் சேவை இன்னொன்று; அதை அவர் யாரிடமும் கேட்காமல் சேர்ந்திருந்தார். இணையதளத்து விசாரணைப் படிவமும் தன் போக்கில் ஒரு பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தனையும் சேர்ந்தன; முத்திரையும் விழுந்தது. உத்தரவு முதற்படியில் நின்றது. குப்பைப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்த விலைப்புள்ளிகள் மெல்ல மெல்ல உரிய இடம் சேர்ந்தன. அறிக்கைகளும் வரத் தொடங்கின. அவற்றை மெதுவா சார் வாரக் கடைசியில் உட்கார்ந்து விளக்குவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி படுக்கையோடு ஒருவர் வாயிலில் வந்து நின்றார். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் நியமனக் கடிதம். வெல்டிங் செய்பவர்கள் அவரை நிழலில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சின்னவர் போய், இது நாங்கள் அனுப்பியதில்லை என்று பக்குவமாகச் சொன்னார். வந்தவர் கோபப்படவில்லை. கடிதத்தை நீட்டி, "பேரு உங்களோடதுதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

மேலே வந்த சின்னவர், இன்றைக்கே கதவைச் சாத்துங்கள் என்றார். மெதுவா சார் தொலைபேசியில் மாட்டேன் என்றார். தொலைபேசி அக்காவின் கைக்கு வந்தது.

"சார், நீங்க மெதுவாங்கிறீங்க. எனக்கு மூணு வருஷமா எல்லாமே மெதுவாத்தான் போகுது."

மெதுவா சார், "சாவி உங்க கையில இருக்கு மேடம். என் கையில இருக்கிறது வாய் மட்டும்தான். அறிக்கையைப் படிக்காம மாத்தாதீங்க" என்றார்.

அக்கா மாற்றினார். ஒரே ஒரு சொல். கவனித்துக்கொண்டிரு என்று இருந்த இடத்தில், திருப்பி அனுப்பு என்று ஆயிற்று. தம் கைபேசிக்கு வந்த எண்ணைத் தாமே படித்துத் தாமே அடித்தார். அன்று வீட்டுக்குப் போனதும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். கணவரிடம், ஒரு தட்டு, ஒரு டம்ளர் கூடுதலாக வாங்கி வையுங்கள் என்றார்.

திங்கட்கிழமை நண்பகல் மேசைத் தொலைபேசி அலறியது. மருத்துவமனை ஒன்றின் சரக்கறைப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரிக் கட்டில் வந்திருக்கிறது, வருமென்று யாருக்கும் தகவல் இல்லை, சரக்கறை பூட்டியிருந்தது. ஓட்டுநர் காத்துப் பார்த்துவிட்டு, மதிலோரம் இறக்கிவைத்துப் போய்விட்டார். இரவெல்லாம் அடைமழை. மெத்தைகள் ஊறிக் கிடக்கின்றன. மறுநாள் புது வார்டு திறக்க வேண்டும். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருந்தார்கள். சரக்கு கிளம்பும்போதெல்லாம், இன்ன நாள் வந்து சேரும் என்று ஒரு மின்னஞ்சல் தானாகப் போகும். பல ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்து அஞ்சல் பெட்டி ஒரு வாரம் மக்கர் செய்தபோது, அவசரத்துக்கு அக்கா அந்தத் தகவல்களைத் தம் சொந்த இலவசக் கணக்கு வழியாக, நிறுவன முகவரியைப் போட்டு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவசரம் போயிற்று; ஏற்பாடு நின்றது. ஒரு நாளும் தொல்லை கொடுக்காததால் அது அவர் நினைவிலிருந்தே உதிர்ந்துபோயிற்று. இப்போது மறுமுனைக் காவலாளி பார்த்தார்: வண்டிமேல் எழுதியிருந்தது நிறுவனத்தின் பெயர்; வண்டியோ அனுமதித்த வரிசையில் இல்லை; முத்திரை வேறு யாருடையதோ. உத்தரவுப்படி திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பியவை எல்லாம், அக்கா அலுவலக நேரத்தில் திறக்கவே திறக்காத அவருடைய சொந்தப் பெட்டியின் மூலையில் குவிந்து கிடந்தன.

பட்டறையில் தயாராக இருந்த வேறு கட்டில்களை மாலைக்குள் ஏற்றி அனுப்பினார்கள். நனைந்தவை திரும்பி வந்து கீழே வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் இரும்புச் சட்டத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எழுந்துநின்று திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார்.

"பாத்தியாம்மா? நீ இருக்கும்போதே இப்படின்னா, நீ இல்லாம இந்த இடம் என்னாகும்?"

அதை அவர் பாசத்தோடுதான் சொன்னார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஆப்பைத் தாமே பிடுங்கித் தாமே மாட்டிக்கொண்டபின் யாரை நோவது? அக்கா மேலே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது எந்தப் பக்கம் சுழன்றாலும் அதே மேசைக்கே திரும்பியது.

மறுநாள் மெதுவா சார் வந்தார். மூச்சு இறங்கும்வரை வாசலில் நின்றார். நான் அன்றே சொன்னேனே என்று அவர் சொல்லாதது அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உத்தரவை முதற்படிக்கு இறக்கினார். பார்க்காமல் விட்ட அறிக்கைகளைத் திறந்து, தினந்தோறும் நிறுவனப் பெயரில் போய்க்கொண்டிருந்த அந்த இலவசக் கணக்கின் பெயர் இருந்த வரியைக் காட்டினார். முதல் நாள் அறிக்கையிலேயே அது இருந்தது.

"எல்லாரையும் கேட்டீங்க மேடம். உங்களக் கேட்டீங்களா?"

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு ஆண்டுகளில் அந்த அலுவலகத்தின் சுவர், மின்விசிறி, மாடிப்படி போலத் தாமும் ஒரு பொருளாகிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரை யாரும் விசாரிப்பதில்லை. சுவரும் தன்னை விசாரித்துக்கொள்வதில்லை.

அன்றுமுதல் வேலை வேறு விதமாக நடந்தது. காலையில் வந்ததும் அறிக்கைகளைப் படித்தார். எது தேறியது, எது தவறியது, தவறியவன் நம்மவனா திருடனா என்று பிரித்தார். சரக்குத் தகவல் அனுப்பும் வேலையைத் தம் கணக்கிலிருந்து கழற்றி, நிறுவனத்தின் பெட்டிக்கு மாற்றி, முத்திரை விழுகிறதா என்று பார்த்தார். அதோடு நிற்கவில்லை. ஓர் இடத்தில் தம்மைக் கண்டுபிடித்தவர் மற்ற இடங்களிலும் தேடினார். கூரியரில் இருந்தார், வரியில் இருந்தார், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியின் உத்தரவாதத்தில்கூட இருந்தார். ஒவ்வொன்றாக, ஒன்று நிலைபெற்ற பின் மற்றொன்றாக, தம் எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணை இட்டார். அதற்கென ஒரு மலிவான கைபேசி வாங்கப்பட்டது. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதபடி அதைக் கணக்காளரின் மேசைக்காலோடு சங்கிலியால் பிணைத்தார்கள்.

கணக்காளர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு இதவிட நீளமா இருந்துச்சு, இல்ல?"

அவசரப்பட்டிருந்தால் ஜூன் இரண்டுக்குள் முடித்திருக்கலாம். அக்கா அவசரப்படவில்லை, மழையில் நின்ற கட்டில்கள் கண்ணை விட்டு அகலவில்லை. பள்ளி திறந்த அன்று காலை மகள் பள்ளிச் சீருடையில் எடுத்த படம் ஒன்று கைபேசியில் வந்தது. கணவர் பின்னிவிட்ட சடை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிச் சடையைப் பார்த்தார். பிறகு அன்றைய அறிக்கையைத் திறந்தார். ஏன் வரவில்லை என்று கணவர் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததே உறுத்தியது.

ஜூன் கடைசி வாரத்தில் உத்தரவு மீண்டும் கடைசிப்படிக்கு ஏறியது. ஒரு கட்டிலும் வழியில் நிற்கவில்லை. பெட்டியோடு வந்து வாயிலில் நிற்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அதைக் கைமாற்றும் நாளுக்கு முன், கணவர் தொலைபேசியில் சட்டம் பேசினார். "பதினாலு வருஷம் அந்தப் பேரு உன் பேர்ல இருந்திருக்கு. சட்டப்படி நீதான் சொந்தக்காரி. சும்மா தூக்கிக் குடுக்காத. எதாவது கேளு."

"என்னங்க கேக்குறது? போன மூணு வருஷத்தையா?"

மறுநாள் முதலாளியின் அறையில் சின்னவர் கணினிமுன் உட்கார்ந்தார். கடைசி எண் அக்காவின் கைபேசிக்கு வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார். பத்து நிமிடத்தில் காலாவதியாகும். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெயர் ஒருநாளும் தம்முடையதாக இருந்ததில்லை என்பதை மகன் விளக்கியிருந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. சொந்த வீட்டில் பதினான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவரைப் போலிருந்தார்.

"நீ நெனச்சிருந்தா என்னைக்கு வேணா என்னைப் பூட்டியிருக்கலாம். நான்தான் உன்னப் பூட்டி வச்சிருந்தேன்" என்றார்.

அக்கா எண்ணைப் படித்தார். சின்னவர் அடித்தார். முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. கீழே இரும்பு அறுக்கும் ஓசை எப்போதும்போல் இருந்தது.

முதலாளி இழுப்பறையைத் திறந்து, அக்காவின் மூன்று வேலைவிலகல் கடிதங்களையும் எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். "உனக்கு நான் ஒண்ணு கடன்பட்டிருக்கேன்மா. என்ன வேணும், கேளு."

"இப்ப ஒண்ணும் தோணல சார்."

"தோணும்போது கேளு. நான் மறக்க மாட்டேன்."

இப்போது அக்கா கணவரும் மகளும் இருக்கும் ஊரில், ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சேர்ந்த முதல் நாள், பள்ளியின் இணையப் பெயர் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். மகளின் சடை நேராகிவிட்டது. ஆனால் கைபேசி மட்டும் குளியலறைவரை கூடவே போகிறது. அந்தப் பழக்கத்தைக் கழற்றி எந்த மேசைக்காலில் பிணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு பிற்பகல் அது அதிர்ந்தது. ஆறு எண்கள். யாருக்கும் நினைவில்லாத ஏதோ பழைய சந்தா. அதில் அக்கா இன்னும் மிஞ்சியிருந்தார். அடுத்த நொடி சின்னவர் கூப்பிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று ஆரம்பித்தார். அக்கா தெளிவாகப் படித்துச் சொன்னார். அதையும் மாற்றிவிடச் சொன்னார். பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது: "அந்த ஒண்ண இன்னும் கேக்கலையேன்னு கேளுடா."

மகளின் மேற்படிப்புக்குப் பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசு வேண்டியிருந்தது. அந்த மனிதர் முதலாளிக்கு நெருக்கம் என்பது அக்காவுக்குத் தெரியும். கணவர் இரண்டு முறை நினைவூட்டினார். அக்கா ஒருமுறை கைபேசியில் முதலாளியின் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டார். கேட்டால் உடனே நடக்கும். நடந்தால் நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொன்னால் அடுத்த முறை அங்கே ஏதாவது நின்றுபோகும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். மகள் வரிசையில் நின்று, வேறு கல்லூரியில் இடம் வாங்கினாள்.

முதலாளி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். தோணும்போது கேட்கிறேன் சார் என்று அக்காவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஒன்றை அவர் இன்றுவரை கேட்கவில்லை.